மதுரையில் வராத ஆசை கொடைக்கானலில் ஏன் வந்தது?

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய கஞ்சா, பிறகு அதோடு சேர்ந்துகொண்ட குடி. மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தார். அங்கே ஆசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். ஊர் திரும்பிய வாரமே பழைய கதை. "மூளையே மாறிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்கிறார்கள் சிலர். எல்லாம் திமிர், மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. எது உண்மை? போதைக் காளான் சாப்பிட்டால் மூளையில் புது இணைப்புகள் வளரும், பழைய பழக்கம் தானாகப் போய்விடும் என்று தம்பியின் கூட்டாளிகள் வேறு சொல்கிறார்கள். அதில் ஏதாவது இருக்கிறதா?"

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன், சொந்த ஊர் பண்ணைக்காடு. எலியும் கொஞ்சம் தெரியும், இந்த மலையும் கொஞ்சம் தெரியும். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

மூளை மாறியிருக்கிறது என்பது சரி. ஒன்றும் நடக்காது என்பது தவறு. அப்பாவின் கணக்கில் ஒரு பெரிய விடுதல் இருக்கிறது, அவர் இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் தம்பியின் மூளை போதையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. போதை எங்கே, யாரோடு, எந்தக் குளிரில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறது. மதுரையில் நடந்த சிகிச்சை அந்தப் பாடத்தைத் தொடவே வாய்ப்பில்லை.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள். ஒன்று இன்னொன்றைத் தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுக்கு இடைவெளி இருக்கிறது. இந்தப் பக்கம் வேதிப்பொருள் சுரக்கிறது, அந்தப் பக்கம் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று 1897இல் பெயர் வைத்தவர் ஷெரிங்டன். அதற்கும் முன்பே, 1888இல், ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் நியூரானின் கிளைகளில் பொடி முட்கள் முளைத்திருப்பதைக் கண்டு வரைந்துவிட்டார். கிளர்ச்சியூட்டும் சினாப்ஸ்களில் பெரும்பகுதி இந்த முட்களின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கோல்ஜி சாயம் ஏற்றிய எலி மூளைத் துண்டை நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சாயம் எல்லா நியூரானிலும் ஏறாது, நூற்றில் ஒன்றிரண்டில்தான் ஏறும். அதுதான் வசதி. தேன் நிறப் பின்னணியில் ஒற்றைக் கிளை மட்டும் கரிக்கோடு போட்டது போலத் தெரியும். அதன் நெடுகிலும் முட்கள். சிலதுக்குத் தலை பெருத்திருக்கும், சிலது மெல்லிய காம்பாக நீட்டிக்கொண்டிருக்கும், சிலது குட்டையாகக் கிளையோடு ஒட்டியிருக்கும். பெருத்த தலை என்றால் பலமான சினாப்ஸ், மெல்லியது என்றால் இன்னும் முடிவாகாதது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். பத்து மைக்ரான் நீளத்தில் எத்தனை முள் என்று எண்ணுவதுதான் வேலை. மருந்து கொடுத்த எலி எது, கொடுக்காத எலி எது என்று எண்ணுகிறவருக்குச் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். மாலைக்குள் கண் பூத்துவிடும்.

சினாப்ஸ் பலப்படும் என்பதை 1973இல் பிளிஸ், லோமோ இருவரும் முயல்களில் காட்டினார்கள். ஒரு பாதையில் சிறிது நேரம் வேகமாகத் துடிப்புகளை அனுப்பினால், அதற்குப் பிறகு மணிக்கணக்கில் அதே பாதை சின்னத் துடிப்புக்கும் பெரிதாகப் பதில் தருகிறது. நடப்பது பெரும்பாலும் இதுதான்: முள்ளின் தலையில் ஆம்பா என்ற வகை ஏற்பிகள் கூடுதலாக வந்து பதிகின்றன, குளூட்டமேட் என்ற கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருள் அதே அளவு வந்தாலும் பதில் பலமாக எழுகிறது. திருக்குறள் மனப்பாடம் ஆவதற்கும் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றக் கை பழகுவதற்கும் இந்த வகை மாற்றங்களே அடிப்படை.

போதைப்பொருள் தனியாக ஒரு இயந்திரத்தைக் கொண்டுவருவதில்லை. கற்றலுக்கான இதே இயந்திரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. 2001இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு முறை கொக்கெய்ன் ஊசி போட்டார்கள். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நியூரான்கள் மீதுள்ள சினாப்ஸ்கள் பலப்பட்டுவிட்டன. ஐந்தாம் நாளிலும் அந்தப் பலம் இருந்தது, பத்தாம் நாளில் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே குழுவினர் ஆம்பிட்டமைன், மார்பின், நிகோடின், சாராயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூலக்கூறு அளவில் இவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது, ஆனாலும் எல்லாம் அதே இடத்தில் அதே மாற்றத்தைச் செய்தன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸிடின் செய்யவில்லை, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸிபின் செய்யவில்லை. போதையே கொடுக்காமல், விலங்கைத் தண்ணீரில் நீந்தவிட்டுக் கடுமையான பதற்றத்துக்கு உள்ளாக்கியபோது அதே மாற்றம் வந்தது. உங்கள் அப்பாவுக்கு இந்த ஒரு முடிவையாவது படித்துக் காட்டுங்கள். வீட்டில் தினமும் கிளம்பும் சண்டையும் அதே நியூரான்கள் மேல் கை வைக்கக்கூடும்.

சரி, பத்து நாளில் போய்விடும் மாற்றம் ஆண்டுக்கணக்கில் எப்படி நிலைக்கிறது? 2008இல் வந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. சில எலிகள் தாங்களே நெம்புகோலை அழுத்திக் கொக்கெய்னை எடுத்துக்கொண்டன. வேறு சில எலிகளுக்கு அதே கொக்கெய்ன் அவை கேட்காமலேயே செலுத்தப்பட்டது. தானே எடுத்த எலிகளில் சினாப்ஸ் மாற்றம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. சும்மா வாங்கிக்கொண்டவற்றில் அப்படி நிலைக்கவில்லை. சர்க்கரைக்காக அழுத்திய எலிகளிலும் மாற்றம் வந்தது, ஆனால் சில வாரங்களில் கரைந்துவிட்டது. ஆக, போதைப்பொருள் மட்டும் போதாது, தானாகக் கை நீட்டுகிற செயல் மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

இனி டோபமைன். இன்பத்தைத் தரும் பொருள் என்று நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள் இதை எழுதி எழுதி அலுக்கவில்லை. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் செய்த பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. முதலில் சாறு நாக்கில் பட்டபோது டோபமைன் நியூரான் துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது சலனமே இல்லை. வர வேண்டிய சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அந்த நொடியில் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. போதைப்பொருள் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. எதிர்பார்த்ததே கிடைத்தாலும் டோபமைன் வேதியியல் வழியாக ஏறுகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் "இன்னும் கற்றுக்கொள்" என்ற உத்தரவு சினாப்ஸ்களுக்குப் போகிறது.

உங்கள் தம்பி மதுரையிலிருந்து திரும்பிய பாதையை நினைத்துப் பாருங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைக்கிறது. டம்டம் பாறையில் இறங்கினால் முகத்தில் அடிக்கும் காற்று. பெருமாள்மலை டீக்கடை. மூஞ்சிக்கல். ஏழு ரோட்டில் நிற்கும் ஜீப்புகள், அதில் சாய்ந்து நிற்கும் தெரிந்த முகங்கள், ஒருவர் கையில் ஏற்கெனவே சுருட்டிய பீடி. வெளியூர்க்காரருக்கு இது சுற்றுலா. தம்பிக்கு ஒவ்வொன்றும் அந்தக் குரங்கின் விளக்கு. ஒரு இழுப்பு இழுப்பதற்கு முன்பே, அடிவாரத்திலிருந்தே துடிப்பு தொடங்கியிருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

இதை அப்படியே ஆய்வுக்கூடத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2002இல் குரோம்பேக், ஷாஹம் இருவரும் எலிகளை ஒரு கூண்டில் ஹெராயினும் கொக்கெய்னும் கலந்த கரைசலுக்குப் பழக்கினார்கள். பிறகு வாசனை, ஒளி, ஒலி எல்லாம் வேறான இன்னொரு கூண்டுக்கு மாற்றினார்கள். அங்கே நெம்புகோலை அழுத்தினால் ஒன்றும் வராது. நாளாக ஆக எலிகள் அழுத்துவதையே விட்டுவிட்டன. திருந்திவிட்டது என்று சான்றிதழ் கொடுக்கலாம் போல இருந்தன. பழைய கூண்டில் கொண்டுபோய் விட்டதும், அங்கும் ஒன்றும் வராத நிலையிலேயே, மறுபடி அழுத்தத் தொடங்கின. மதுரை இரண்டாவது கூண்டு. தம்பி அங்கே பொய் சொல்லவில்லை, ஆசை வரவில்லை என்றால் வரவில்லைதான்.

பழைய கற்றல் அழிவதில்லை. அதன் மேல் இன்னொரு கற்றல் வந்து அடக்கி வைக்கிறது, அவ்வளவே. நம் மலையில் வாட்டில் மரங்களை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மரம் போய்விடும், புல் வந்துவிடும், பார்வைக்குத் தரை சுத்தமாக இருக்கும். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு தீ வைத்தால் போதும், குபுகுபுவென்று முளைக்கும். அதனால் யாரும் வாட்டிலை ஒழிக்க முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, முளைக்க முளைக்கப் பிடுங்குகிறார்கள், தீ படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

மூன்று மாதம் விட்டிருந்தால் ஆசை குறைந்திருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். இடம், ஒளி, ஒலி போன்ற குறிப்புகளால் தூண்டப்படும் ஆசையைப் பொறுத்தவரை, எலிகளில் நேர் எதிராக இருக்கிறது. கொக்கெய்ன் நிறுத்திய மறுநாளைவிட முதல் ஒன்றிரண்டு மாதங்களில் அது ஏறிக்கொண்டே போகிறது என்று 2001இல் கண்டார்கள். காரணத்தின் ஒரு பகுதி சினாப்ஸில் கிடைத்தது. கொக்கெய்ன், டோபமைன் வந்து சேரும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற மூளைப் பகுதியில் "மௌன" சினாப்ஸ்களை உருவாக்குகிறது. குழந்தை மூளையில் நிறைய இருக்கும் வகை இது. இணைப்பு இருக்கும், ஆம்பா ஏற்பி இல்லாததால் வழக்கமான நேரத்தில் பேசாது. நிறுத்திய வாரங்களில் இவற்றில் கால்சியத்தை உள்ளே விடும் தனி வகை ஆம்பா ஏற்பிகள் வந்து சேர்கின்றன. மௌனம் கலைகிறது. புகையையும் மதுவையும் நிறுத்திய மனிதர்களிடமும் ஆசை இப்படி ஏறும் போக்கைப் பார்த்திருக்கிறார்கள். எனவே, "மூன்று மாதம் ஆயிற்று, இனிப் பயமில்லை" என்று அழைத்து வருவது அனேகமாக மிக மோசமான நேரம்.

கஞ்சாவைப் பற்றி நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நம் மூளையே கஞ்சா போன்ற பொருளைச் சுரக்கிறது. 1992இல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஆனந்தமைடு என்று நம் 'ஆனந்த'த்திலிருந்தே பெயர் வைத்தார்கள். இந்த வகைப் பொருள்கள் சினாப்ஸில் பின்னோக்கிப் போய், எதிர்ப்பக்கத்தின் சுரப்பை "போதும்" என்று குறைக்கின்றன. நாள்தோறும் கஞ்சா புகைப்பவர்களின் மூளையில் இதற்கான ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. ஆனால் நிறுத்தினால் ஏறத்தாழ நான்கு வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்புகின்றன என்று மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. ஏற்பிகளின் எண்ணிக்கை விரைவில் திரும்பும். பாடம் அவ்வளவு விரைவில் போகாது. தம்பி தொடங்கிய வயது, முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதியான முன்புறணியில் சினாப்ஸ்கள் கழிக்கப்பட்டுச் சீராகிக்கொண்டிருக்கும் வயது என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆய்வு. கனடாவின் பிரையன் கோல்பும் அமெரிக்காவின் டெரி ராபின்சனும் 1990களின் பிற்பகுதியிலிருந்து முட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். ஆம்பிட்டமைனும் கொக்கெய்னும் அக்கும்பென்ஸிலும் முன்புறணியிலும் முட்களைக் கூட்டுகின்றன, மார்பின் குறைக்கிறது என்று காட்டினார்கள். 2003இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எலிக்கு முதலில் சில வாரங்கள் போதை. பிறகு நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு மேல் வளமான வாழ்க்கை. தனிக் கூண்டுக்குப் பதில் பல தட்டு வீடு, ஏணிகள், கூட்டாளிகள், மாறிக்கொண்டே இருக்கும் பொருள்கள். சாதாரண எலியை இப்படி வைத்தால் கிளைகள் பெருகும், முட்கள் கூடும். இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். போதை கண்ட எலிகளில் அந்த வளர்ச்சி பெரிதாக வரவில்லை. புது அனுபவம் எழுத வேண்டிய இடத்தில் போதை முந்திக்கொண்டு எழுதிவிட்டது.

இதைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோக வேண்டாம், ஏனென்றால் 2008இல் பிரான்ஸில் சோலினாஸ் குழுவினர் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்கள். கொக்கெய்ன் பழகிய சுண்டெலிகளை ஒரு மாதம் வளமான சூழலில் வைத்தபோது, பழைய கூண்டை நாடிப் போவது உள்ளிட்ட அடையாளங்கள் மறைந்தன. ஒன்று முட்களை எண்ணுகிறது, மற்றொன்று நடத்தையைப் பார்க்கிறது. விலங்கும் வேறு. என் வாசிப்பு இது: போதை கண்ட மூளைக்கு நல்ல அனுபவம் வேலை செய்யாது என்பதில்லை, சாதாரண அளவு போதாது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் பதிகிறது இவருக்கு ஓராண்டு கேட்கலாம். 2018இல் வந்த இன்னொரு முடிவும் இங்கே பொருந்தும். போதையா, கூட்டாளியோடு விளையாட்டா என்று தேர்வு கொடுத்தால், போதைக்கு அடிமையான எலிகள்கூடப் பெரும்பாலும் கூட்டாளியைத் தேர்ந்தெடுத்தன. ஊர்ப் பெரியவர்கள் "ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்வதற்கு இதை ஆதாரமாக்கிவிடாதீர்கள். அந்த எலிகள் யாருடைய வாழ்க்கையையும் பணயம் வைக்கவில்லை.

மனிதர்களிலும் இடம் எவ்வளவு பேசும் என்பதற்கு வியட்நாம் போரே சாட்சி. அங்கிருந்த அமெரிக்க வீரர்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே என்று லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து கண்டறிந்தார். அவர்கள் பழகிய இடத்தை விட்டு வீட்டுக்குப் போனார்கள். உங்கள் தம்பி வீட்டுக்குப் போவது என்பதே பழகிய இடத்துக்குப் போவதாக இருக்கிறது.

காளானுக்கு வருகிறேன். கூட்டாளிகள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2021இல் யேல் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளுக்கு ஒரு முறை சைலோசைபின் என்ற, போதைக் காளானில் இருக்கும் பொருளைக் கொடுத்தபோது முன்புறணியில் முட்கள் சுமார் 10 சதவீதம் கூடின, அதில் ஒரு பகுதி ஒரு மாதம் கழித்தும் நின்றது. அதனால் என்ன? ஆம்பிட்டமைனும்தான் முட்களைக் கூட்டியது. முள் கூடுவது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. புதிதாக முளைத்த முள்ளில் எது எழுதப்படுகிறது என்பதே கேள்வி. 2022இல் நியூயார்க் மருத்துவர்கள் குடி நோயாளிகளிடம் சைலோசைபின் நல்ல பலன் தந்ததாக வெளியிட்டார்கள். உண்மைதான். அங்கே அளந்த மாத்திரை, மனச்சிதைவுக்கு வாய்ப்புள்ளவர்களை முன்பே விலக்கிய தேர்வு, 12 வாரப் பேச்சுச் சிகிச்சை, கூடவே உட்கார்ந்திருந்த இருவர். இங்கே சாணத்தில் முளைத்ததை யாரோ பறித்து, எது எதுவென்று தெரியாமல், அதே கூட்டாளிகளோடு, அதே குளிரில், கஞ்சாவோடு சேர்த்துச் சாப்பிடுவது. மருந்து பாதி, சூழல் பாதி என்றால், சூழல் பாதி முழுக்கப் பழைய பாடம். ஈரலைத் தின்றுவிடும் காளான்களும் உலகில் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது என்பது வேறு. வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் ஒரு எச்சரிக்கை. மறுபடி தினசரிக் குடி தொடங்கியிருந்தால் வீட்டில் பூட்டி வைத்துச் சட்டென நிறுத்தாதீர்கள். சாராயம் நீண்ட காலம் அடக்கி வைத்த சினாப்ஸ்கள் திடீரென விடுபட்டால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்து நிறுத்த வேண்டும். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் உண்டு, மனநல மருத்துவரிடம் கேளுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், எண் 14416, கட்டணம் கிடையாது.

அடுத்தது இடம். ஊரை விட்டே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். சில மாதங்களுக்கு அது நல்லதே. ஆனால் என்றைக்காவது திரும்புவார் என்றால், கொடைக்கானலில் இருந்துகொண்டே இழுக்காமல் இருப்பதைக் கொடைக்கானலில்தான் கற்க வேண்டும். அதைத் துணையோடு, சிறிது சிறிதாகச் செய்யுங்கள். முதலில் பகலில் நீங்கள் கூட வர ஒரு மணி நேரம், உடனே திரும்புதல். அதே ஜீப்பை ஓட்டியாக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் தீப்பெட்டி, காகிதம், பழைய பாட்டு, சீட் உறை எல்லாவற்றையும் மாற்றுங்கள், அற்பமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. ஏழு ரோட்டு ஸ்டாண்டை விட்டு வேறு ஸ்டாண்டில் நிற்க முடியுமா என்று பாருங்கள். சீசன் நேரத்து இரவு ஓட்டம் இந்த ஆண்டு வேண்டாம். பூம்பாறைப் பக்கம் பூண்டு ஏற்றும் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆட்கள் வேறு, நேரம் வேறு, மாலையில் உடம்பு அசந்து தூக்கம் வரும்.

சறுக்கியதை மையத்துக்கு இன்றே சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த சறுக்கல்தான் நெருங்கி வரும். இடையில் போதைக்காக அபின் வகை வலி மாத்திரை, ஊசி என்று எதையாவது தொட்டிருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். விட்டிருந்த மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். மையத்தினர் அடுத்த சேர்க்கைக்குத் தேதி கொடுத்தால், விடுவிக்கும் நாளை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். மலை ஏறிய முதல் எட்டு வாரங்களுக்கு யார், எந்த நாளில், எந்த எண்ணில் அவரோடு பேசுவார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.